ஆயிரத்து நூற்று நாற்பது அடி

"மற்றும் பல" என்று ஒரு பட்டியலை முடித்தால் அவருக்குப் பிடிக்காது. முதல் நாளே எனக்கு அது தெரிந்துபோயிற்று.

கணபதியில் எங்கள் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைகளும் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளின் பில் புத்தகங்களும்தான் பெரும்பாலும் வரும். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பக்கம் அமைப்பவன். இரண்டு தெரு தள்ளி ஒரு பம்பு கம்பெனி. அதன் டிராயிங் செக்சனில் வேலை பார்த்த பெண் அவர். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார்களின் படங்களை வரைவது அவர் வேலை. கம்பெனியின் தமிழ் கேட்லாக்கைப் பிழை பார்க்க அவரை அனுப்பிவைத்தார்கள். வயது நாற்பதுக்குள் இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் அமைத்திருந்த பக்கத்தில் "ஷாஃப்ட், இம்பெல்லர், புஷ் மற்றும் பல" என்று இருந்தது. "பல" என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.

"ஏனுங்ணா, இந்தப் பல எதெதுங்க?"

"அது சும்மா ஒரு இதுக்குப் போடறதுங்க மேடம்."

"பம்புக்குள்ள சும்மா ஒரு இதுக்குன்னு எதுவும் இருக்காதுங்ணா. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

காகிதத்தைப் பார்க்காமல் எல்லா உறுப்புகளையும் சொன்னார். கடைசி வாஷர் வரைக்கும். எழுத்தின் அளவைக் குறைத்து, படத்தை நகர்த்தி, அந்தப் பக்கத்தை மறுபடி கட்ட எனக்கு அரை நாள் பிடித்தது.

அவர் பேச்சும் அப்படித்தான். காந்திபுரத்தில் பஸ் ஏறிச் சோமனூர் போன கதையைச் சொன்னால் வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தமும் வரும். குறுக்கே கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டு, விட்ட நிறுத்தத்திலிருந்து தொடங்குவார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பழகிய பிறகு, வேறு யாராவது சுருக்கமாகப் பேசினால் அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

கேட்லாக் முடிந்த வாரம் அவர் தன் சொந்தக் காகிதங்களோடு வந்தார். கட்டம் போட்ட தாள்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து.

"இது கவிதைங்ணா. படிக்கவும் செய்யலாம், படமாட்டம் பாக்கவும் செய்யலாம். காட்சிக் கவிதைன்னு சொல்லுவாங்க. புத்தகமாப் போடோணும்."

முதல் தாளில் "தறி" என்ற ஒரே சொல். மேலிருந்து கீழ்வரை, இடைவெளி விடாமல், தறிதறிதறி என்று பக்கம் முழுவதும். நடுவில் சற்றுக் கீழே மட்டும் நான்கைந்து எழுத்துகள் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. நான் சொல்லை ஒருமுறை அடித்தேன். மீதியை நகலெடுத்து ஒட்டிப் பக்கத்தை நிரப்பினேன். விட்டுப்போயிற்று போல என்று அந்த வெள்ளையையும் நிரப்பினேன். உதவி செய்ததாகத்தான் நினைப்பு.

மறுநாள் வந்தவர் தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடைச்சுப்போட்டீங்களா?"

"தப்புன்னு நெனச்சேங்க."

"தப்பில்லீங்ணா. அது அப்படியே இருக்கோணும். அப்புறம், ஒட்டாதீங்க. ஒவ்வொண்ணா அடிங்க."

"எப்படி அடிச்சாலும் பாக்கறவங்களுக்கு ஒரே மாதிரிதானுங்களே இருக்கும்?"

"அடிக்கறவருக்குத் தெரியுமுங்களே."

வாதாடிப் பயனில்லை என்று ஒவ்வொன்றாக அடித்தேன். மூன்றாவது வரியில் என் விரல்கள் தாமாக ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டன. சோமனூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்கிற அதே சத்தம். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அந்தச் சின்னப் புத்தகத்தின் பக்கங்களைப் பெரிதாக்கிச் சோமனூரில் ஒரு கண்காட்சி வைத்தார். கூலி உயர்வு கேட்டுத் தறிகளெல்லாம் நின்றிருந்த நேரம் அது. தறிக்கூடம் வைத்திருந்த ஒருவர் இடம் கொடுத்தார். ஓடாத தறிகளில் கயிறு கட்டித் தாள்களைத் தொங்கவிட்டோம். கவிதை படிக்கிறவர்கள் நாலு பேர் கோவையிலிருந்து வந்தார்கள். மற்றவர்களெல்லாம் வேலையில்லாமல் வீட்டிலிருந்த தறிக்காரர்கள்.

அவர்களில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் "தறி" தாளின் முன்னால் நின்றார். துணியைச் சோதிப்பது போல முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டி, வெள்ளையான இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஓட்டம் உட்டுப்போச்சே அம்மணி." நெசவில் இழை விட்டுப்போனால் அப்படித்தான் சொல்வார்கள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கவிதை எழுதியவர் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆமாங்ணா. கரண்டு போன எடமுங்க அது."

தறிக்காரர் தலையை ஆட்டினார். "கரண்டு போனா எல்லாத் தறியும் நிக்கும். மேலயும் கீழயும் ஓடி, நடுவுல இத்தினியூண்டு மட்டும் உட்டிருக்குது பாரு. இது தறிய ஓட உட்டுப்போட்டு ஆளு எந்திரிச்சுப் போன எடம்."

இவர் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த பதிப்பில் அந்தக் கவிதைக்கு "ஆள் எழுந்து போன இடம்" என்று தலைப்பு வந்தது. நான் ஓர் எழுத்தைத் திருத்தினால் விடாதவர், அந்த மனிதர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அடுத்த வேலையைப் பற்றிச் சொன்னார்.

தாராபுரத்துக்குத் தெற்கே அவர் ஊர். அப்பாவுக்கு ரெண்டரை ஏக்கர் இருந்தது. கிணறு வற்றிய பிறகு அப்பா போர் போட்டார். முதல் மூன்றிலும் தண்ணீர் இல்லை, கல் மாவுதான் புகையாகப் பறந்தது. நான்காவதில் நிறுத்தவே இல்லை. இவர் அப்போது கோவையில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தார். தகவல் தெரிந்து ஊருக்குப் போனபோது தொள்ளாயிரம் அடியைத் தாண்டியிருந்தது. பொழுது சாய ஆயிரத்து நூற்று நாற்பதில் போர் வண்டிக்காரரே வேண்டாமென்று நிறுத்திவிட்டார். வெறும் வெள்ளை மாவு. தோட்டம் கைவிட்டுப் போனது. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பாவைக் கோவைக்குக் கூட்டிவந்து, கணபதியில் ஒரு மாடி வீட்டில் இருவரும் இருந்தார்கள். அப்பா அதன்பின் ஒருமுறைகூட ஊர்ப்பக்கம் போகவில்லை.

"அடின்னா அளவு. அடின்னா கீழ. அடின்னா வாங்கறது. கவிதையில ஒரு வரிக்கும் அடின்னுதான் பேரு" என்றார். "ஆயிரத்து நூத்தி நாப்பது அடி எழுதப் போறேனுங்ணா. அடி, அடி, அடின்னு. வேற ஒண்ணும் இல்ல."

அப்பாவின் பிடிவாதத்தைப் பற்றி எழுதப் போகிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

கோவையில் ஒரு பதிப்பாளர் அவருடைய இரண்டாவது தொகுப்பைப் போட முன்வந்தார். நல்ல மனிதர். எங்கள் அச்சகத்தில் உட்கார்ந்துதான் பேசினார்கள்.

"அருமையான யோசனைங்க. ஆனா இத்தனை பக்கம் யாரு புரட்டுவாங்க? ரெண்டு பக்கம் போடுவோம். நடுவுல புள்ளி புள்ளியா வெச்சுட்டு, கடைசியில தண்ணின்னு ஒரு சொல்லப் போட்டு முடிச்சா அழகா இருக்கும்."

"தண்ணி வரலீங்களே."

"சரி, அது வேண்டாம். புள்ளியாவது வெக்கலாமில்லீங்களா?"

"அந்தப் புள்ளியிலதானுங்க எங்க தோட்டமே போச்சு."

எழுதியவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது எனக்கு; அது அவருக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பு. அந்தக் கவிதை புத்தகமாக வந்தது இரண்டு வருடம் கழித்து, மடிப்பு மடிப்பாக விரிகிற நீளத் தாளில், ஓர் அடி குறையாமல். அதை அடித்தவன் நான்தான்.

ஆனால் அதற்கு முன் அவர் வேறொன்று செய்தார். ஓர் அடிக்கு ஓர் "அடி" என்று நிஜ அளவில் எழுத வேண்டும் என்றார். அத்தனை நீளக் காகிதத்துக்கு எங்கே போவது? சோமனூர்த் தறிக்காரருக்குப் போன் செய்தார். அவர் பழுது விழுந்த ஒரு சுருள் காடாத் துணியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "என்ற தறியில வந்ததுதான். ஓட்டம் உட்ட எடமெல்லாம் இருக்குது, பாத்துக்க" என்று சொல்லிப் போனார். துணியை நீளவாக்கில் ஐந்தாகக் கிழித்து முனைக்கு முனை தைத்தோம். சுற்றிவைத்தால் ஸ்கூட்டர் சக்கரம் அளவுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகம் பூட்டிக்கிடக்கும். நான் திறந்துவிடுவேன். தரையில் குந்தி, ஸ்கேலை வைத்து அளந்து, பத்திரிகை அடிக்கும் கறுப்பு மையைத் தூரிகையில் தொட்டு எழுதுவார். அச்சு வெட்டி ஒற்றிவிடலாமே என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். முதல் நூறும் திடமாக இருந்தன. போகப் போக எழுத்து மெலிந்தது, சாய்ந்தது. முழங்கால் வீங்கியது. முட்டிக்கடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

அந்தச் சமயம் நகரத்தில் ஒரு கலைக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தோம். குளுகுளுவென்று இருந்தது, வெள்ளைச் சுவர்.

"முப்பதடி நீளத்துக்கு விரிச்சாப் போதும் மேடம். மிச்சத்தச் சுருளாவே வெச்சுருவோம். பாக்கறவங்க கற்பனை பண்ணிக்குவாங்க" என்றார் அங்கே பொறுப்பாக இருந்தவர்.

"எங்கப்பா கற்பனை பண்ணலீங்க. தோண்டுனாரு."

அதோடு அதுவும் முடிந்தது. ஆனால் கலைக்கூடத்துக்காரர்கள் விடவில்லை. வேறு தேதி பேசலாம் என்று வீட்டுக்குப் போன் செய்தார்கள். எடுத்தவர் அப்பா. என்ன கவிதை, எத்தனை அடி, எல்லாம் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு மகள் அச்சகத்துக்கு வரும்போதே கண் சிவந்திருந்தது. அப்பா கேட்டதை என்னிடம் சொன்னார்.

"ஊரு சிரிச்சது போதாதா கண்ணு? நீயும் வெளம்பரம் பண்ணோணுமா?"

"உங்க பேரு எங்கயும் இல்லீங்கப்பா."

"ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு இருக்குதில்ல? ஊருக்குள்ள அதுதான் என்ற பேரு. சந்தைக்குப் போனா, கோயலுக்குப் போனா, ஆயிரத்து நூத்தி நாப்பது வர்றான் பாருன்னுதான் சொல்லுவானுங்க. நான் எதுக்கு ஊர உட்டு வந்தேன்னு நெனைக்கறே?"

இவருக்கு அது தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

"இனி என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எழுதி முடிப்பேனுங்ணா. ஆனா அப்பா வராம விரிக்க மாட்டேன். நாங்க தோண்டுன எடத்துலதான் விரிப்பேன். அவரு எப்ப வர்றாரோ அப்ப." தூரிகையை எடுத்துக் குந்திக்கொண்டார்.

அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இவர் சோறு போடுவார், அப்பா சாப்பிடுவார், அவ்வளவுதான். மாதங்கள் போயின. கலைக்கூடத்துத் தேதியும் போயிற்று.

ஒரு ஞாயிறு மதியம் அச்சகத்துக் கதவு பாதி திறந்தது. வேட்டியும் சட்டையுமாக ஒரு பெரியவர், கையில் சாப்பாட்டுக் கூடை. மகள் சாப்பிட வரவில்லை என்று கொண்டுவந்திருந்தார். குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. வந்தது யாரென்று தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் அந்த முதுகையும், முட்டிக்கடியிலிருந்த தலையணையையும், அறை முழுக்க வளைந்து கிடந்த துணியையும் பார்த்தார்.

"எத்தனாவது அடி?"

"அறுநூத்தி பதினொண்ணுங்கப்பா."

கூடையை மேசை மேல் வைத்தார். "சாப்புட்டுப்போட்டு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதி முடித்த வாரம் அவரே மகளிடம் கேட்டாராம், "எப்பப் போறம்?"

நாங்கள் மூவரும் பஸ்ஸில் தாராபுரம் போய், அங்கிருந்து ஊர்ப் பஸ் பிடித்தோம். சுருளை மகள் தன் மடியிலேயே வைத்திருந்தார். அவர்களுடைய பழைய தோட்டத்தை ஒட்டி, இருபுறமும் கிளுவை வேலியோடு ஓர் இட்டேரி நேராகப் போனது. மாட்டுவண்டி போகும் அகலம்தான். தோட்டத்து ஓரத்தில் போர்க்குழியின் வாயைக் கல் வைத்து மூடியிருந்தார்கள். அதற்கு நேரே இட்டேரியில் துணியின் நுனியை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் கற்களை அடுக்கிக்கொண்டே விரித்தோம். ஆடு ஓட்டிவந்த ஓர் அம்மா துணியைக் கண்டதும் ஆடுகளை மடக்கி நிறுத்திக்கொண்டார். தோட்டத்தை வாங்கியவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். பெரியவருக்கு அவர் பழைய கூட்டாளி.

"அட, ஆயிரத்து நூத்தி நாப்பது! எத்தன வருசமாச்சுப்பா!"

பிரியமாகத்தான் சொன்னார். பெரியவர் முகம் இறுகியது. மகள் எழுந்து ஏதோ சொல்லப் போக, அவர் கையமர்த்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, துணியை ஒட்டி நடக்க ஆரம்பித்தார்.

ஒவ்வோர் அடியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. இருபது அடிக்கு ஒரு விரலை மடக்குகிறார் என்பதைச் சற்று நேரம் கழித்துக் கவனித்தேன். போர் வண்டியின் ஒரு ராடு இருபது அடி. அவர் ராடு ராடாக எண்ணிக்கொண்டு போனார். நாங்கள் பின்னால் நடந்தோம். தோட்டக்காரரும் வந்தார். பாதித் தூரம் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். போர் வாய்க் கல் சின்னதாகத் தெரிந்தது. இத்தனை தூரத்தையா ஒரு மனிதர் நேராகக் கீழே தோண்டினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓரிடத்தில் பெரியவர் நின்றார்.

"முப்பத்தாறாவது ராடு. எழுநூத்தி இருவது. இங்கதான் வந்துச்சு."

"என்னுங்கப்பா வந்துச்சு?"

"ஈரம்."

பெரியவர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

"அதுவரைக்கும் மாவுதான். இந்த எடத்துல பொடி நனைஞ்சு வந்துச்சு கண்ணு. கையில அள்ளிப் புடிச்சேன், உருண்டையா நின்னுச்சு. சில்லுனு இருந்துச்சு. வண்டிக்காரன், அய்யா தண்ணி இருக்குது, இன்னும் போடுங்கன்னான். அதனாலதான் போட்டேன். நாலு ராடு ஈரம் இருந்துச்சு. அப்பறம் மறுபடி மாவு. அவ்வளவு கிட்ட வந்துச்சே, இன்னும் கொஞ்சம் போனாக் கெடச்சுராதான்னு போட்டேன்."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எதையும் விடாமல் எழுதியதாக நினைத்திருந்தவர் அவர்.

"சொல்லவே இல்லீங்களேப்பா."

"யாரு கேட்டீங்க? எத்தன அடி போட்டே, எத்தன அடி போட்டேன்னுதான் எல்லாரும் கேட்டீங்க."

தோட்டக்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்கும் தெரியாதப்பா" என்றார் மெதுவாக.

மகள் கைப்பையைத் திறந்து மைக் குப்பியையும் தூரிகையையும் எடுத்தார். தூரிகையை அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுங்கப்பா."

"நானா? நான் எழுதுனா உன்ற துணி கெட்டுப்போகும்."

"எழுதுங்கப்பா."

பெரியவர் மண்டியிட்டார். தூரிகையை மையில் நிறையத் தோய்த்தார். எழுநூற்று இருபதாவது அடியின் கீழே, மெலிந்த கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே, பெரிதாக எழுதினார்: ஈரம். மை அதிகமாகிப்போய்த் துணி அதைக் குடித்துப் பரத்தியது. புள்ளி வைத்து முடிக்கும்போது நெற்றியில் வியர்வை.

பிறகு எழுந்து மீதி இருபத்தோரு ராடும் நடந்தார். கடைசி அடி மற்ற அடிகளைப் போலவே இருந்தது. அதற்கப்பால் வெறும் செம்மண். அங்கே சற்று நின்று, எதிரே பார்த்தார். பிறகு குனிந்து துணியின் முனையை எடுத்து அவரே சுருட்ட ஆரம்பித்தார். நான் போய்க் கைகொடுத்தேன், வேண்டாம் என்றார். கற்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு, ஆழத்திலிருந்து மேலே வருவது போல, அவர் சுருட்டிக்கொண்டே வந்தார். மகள் பக்கத்தில் நடந்தார்.

தான் எழுதிய சொல் வந்ததும் பெரியவரின் கை நின்றது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. ஆடு மேய்க்கும் அம்மா எட்ட நின்று, "ஆச்சுங்களா? ஆட்ட உடட்டுங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் வேலியோரம் உட்கார்ந்தார். தனக்குப் பக்கத்தில் மகளுக்கு இடம் விட்டார்.

"சித்த இரு அம்மணி" என்று அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். "ஈரம் இன்னும் காயல."